மெஷின் வராத ரூம்

ஹைதராபாத்தில் நான் போட்ட ஸ்லாப் எத்தனை என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. குகட்பள்ளி காலனிகளில் எத்தனையோ வீட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுத்தவன் நான். கொண்டாப்பூரில் இன்றைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மினுக்குகிற கட்டிடங்களில் நாலைந்துக்கு எலும்பு போட்டவனும் நான்தான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி, பாரம் தூக்குகிற வேலை. நான் அஞ்சாவதோடு நின்றவன். சென்ட்ரிங் பலகை தூக்கிப் பிழைக்க ஆரம்பித்து, பலகை தூக்க ஆள் வைக்கிற அளவுக்கு வந்தேன். ஸ்லாப் ஒழுகுது என்று ஒருத்தரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. இதை நானே சொன்னால்தான் உண்டு. மேலே பூச்சுப் பூசிவிட்டால் கான்கிரீட் போட்டவன் காணாமல் போய்விடுவான்.

பூச்சுப் பூசாத சுவர் ஒன்று மட்டும் எனக்கு இருக்கிறது. மல்லாபூர் தாண்டிப் போகிற ரோட்டில், ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்காகக் கட்டின கட்டிடத்துக்குள். அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் தாண்டினால் நேராக உள்ளே போக முடியாது, வளைந்துதான் போகவேண்டும். சுவரின் கனத்துக்குள் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். கேன்சருக்குக் கரண்ட் வைக்கிற மெஷினுக்காகக் கட்டியது. கரண்ட் வைக்கிறது என்றுதான் எங்கள் பக்கம் சொல்லுவோம், டாக்டர்கள் வேறு பேர் சொல்லுவார்கள். அந்தக் கதிர் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு கனம்.

மெஷின் வரவில்லை. அந்த ரூமைப் பற்றியும், அதற்கு முதல் சட்டி கான்கிரீட் போட்ட என் சம்சாரத்தைப் பற்றியும் எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். செக்கில் கையெழுத்துப் போட்டுப் பழகின கை. இவ்வளவு நீளம் எழுதுவது புதுசு.

என்னைக் கமிட்டியில் சேர்த்தது அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். அவருக்கு ஒரு வார்டு கட்டிக் கொடுத்திருந்தேன், சொன்ன தேதிக்கு முன்னாடியே சாவி கொடுத்தேன். கேன்சர் வைத்தியத்தை இந்தப் பிராந்தியம் முழுக்க எப்படிக் கொண்டுபோவது, வராமல் எப்படித் தடுப்பது என்று பெரிய திட்டம் போடுகிறார்கள், ஜனங்கள் சார்பில் ஒருத்தர் வேணும், நீங்கள் வாங்க மேஸ்திரி காரு என்று கூப்பிட்டார். ஹைடெக் சிட்டி பக்கம் ஓட்டலில் மீட்டிங். பெங்களூரிலிருந்து வந்த பெண் ஒருத்தர் சுவரில் படம் காட்டினார். ஊர்ப் படம், மேலே வட்டம் வட்டமாக. எல்லாம் இங்கிலீஷ். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு சக்கரம் காட்டினார்கள். நடுவில் பெரிய ஆஸ்பத்திரி, அதுதான் குடம். சுற்றியுள்ள சின்ன ஊர்களும் பேட்டைகளும் ஸ்போக்ஸ் கம்பிகள். இது எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தெலுங்கிலேயே சொன்னேன். சென்ட்ரிங்குக்கு வருவதற்கு முன்னாடி லாலாகூடாவில் சைக்கிள் கடையில் இருந்தவன் நான். குடத்துக்கு எத்தனை எண்ணெய் போட்டாலும் ஒரு பக்கத்துக் கம்பி லூசானால் சக்கரம் கோணிக்கொள்ளும். உங்க படத்தில் மேற்குப் பக்கம் கம்பி நெருக்கமாக இருக்கு, நாச்சாரம் மல்லாபூர் பக்கம் ஒன்றுகூட இல்லை, பாக்டரி ஜனங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள் என்றேன். கை தட்டினார்கள். பெங்களூர் அம்மா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். நான் பேசி எந்த மீட்டிங்கிலும் கைதட்டாமல் விட்டதில்லை. கைதட்டினால் வேலை ஆகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த ஜனங்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. என்னிடம் சித்தாள் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் அந்த நோய் வந்தது. ஊரின் அந்தக் கோடியில் போய் தினமும் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். ஏம்மா என்றேன், தூரம் ஐயா என்றாள். பஸ் காசு நான் தருகிறேன், கொஞ்சம்தானே பாக்கி, போய் முடி என்றேன். அவள் என் சம்சாரத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் சமையலறையில் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா இல்லை.

திட்டத்தில் எங்கள் பக்கத்துக்கு இரண்டு கிடைத்தது. ஒன்று மெஷின் ரூம், இன்னொன்று பெண்களுக்குப் பரிசோதனை கேம்ப். ரூம் கட்டத்தான் நாளாகும், மெஷின் சீக்கிரம் வந்துவிடும், முதலில் ரூமைக் கட்டுங்கள் என்றார்கள். என்னைத் தவிர வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? டிராயிங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்தேன். தட்டு வைக்க வந்த சம்சாரம் குனிந்து பார்த்தாள்.

"இதுல பொம்பளைங்க போற எடம் எங்க இருக்கு?"

பாத்ரூம் தாழ்வாரக் கோடியில் இருந்தது, காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் ரூம் கதவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். இங்கே வேணும், சுவரைப் பிடிச்சுக்கிட்டே போகிற தூரத்தில் வேணும் என்றாள். டாக்டரிடம் சொல்லி மாற்ற வைத்தேன். என் யோசனை என்றுதான் கமிட்டியில் சொன்னேன். வீட்டில் ஒருத்தர் யோசித்தால் இன்னொருத்தர் சொல்லுவதுதானே.

எந்த வேலையானாலும் முதல் சட்டி அவள் கையால்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படி. மஞ்சள் தண்ணி தெளித்து, நவதானியமும் ஒரு காசும் போட்டு, அதன் மேல் ஒரு சட்டி கலவை கொட்டுவாள். அப்புறம்தான் வேலைக்காரர்கள் கை வைப்பார்கள். இந்த ரூமுக்கு அது முடியவில்லை. கதிருக்கு கேரண்டி கொடுக்க வந்த இன்ஜினியர் பையன், உள்ளே குண்டூசிகூட விழக்கூடாது என்றுவிட்டான். காசை முந்தானையில் திருப்பி முடிந்துகொண்டு, சாமி கோவிச்சுக்காது, இந்தத் தம்பிதான் கோவிச்சுக்கும் என்றாள். வெறும் கலவையைத்தான் கொட்டினாள். சுவர் முழுக்க ஒரே மூச்சில் போடவேண்டும், நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும், அந்தக் கோடு வழியாகக் கதிர் கசியும். ரெடிமிக்ஸ் லாரி ஒன்றன் பின்னால் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் நிற்கவில்லை. பலகை பிரித்தபோது சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பையன் ஏதோ கருவி வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கேம்ப்பையும் நான்தான் எடுத்து நடத்தினேன். நாச்சாரத்தில் பங்ஷன் ஹால் பிடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, மேடை போட்டேன். கேன்சர் என்றால் யாரும் வரமாட்டார்கள், சாப்பாடு என்றால் வருவார்கள் என்று அவள்தான் சமையலை எடுத்துக்கொண்டாள். தக்காளி சாதம், தயிர்சாதம், வடை, பாயசம். திரை கட்டின பக்கம் நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் திரை வரைக்கும் வருவார்கள், திரும்பி விடுவார்கள். இவள் கரண்டியும் கையுமாக நின்று ஒவ்வொருத்தியையும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். போய்ட்டு வாடி, எறும்பு கடிக்கிற நேரம்தான், வந்தா ரெண்டு வடை என்பாள். வெட்கப்பட்டவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நர்சு ஒருத்தி இவளையும் கூப்பிட்டாள். எல்லாரும் ஆகட்டும் என்றாளாம். எங்கள் வீடுகளில் பந்தி வைக்கிறவள் கடைசியில்தான் உட்காருவாள். அது அவளுக்கு அம்மா கற்றுக்கொடுத்து வந்ததில்லை, உடம்போடு வந்தது. முதலாளி வீட்டம்மா சித்தாள்களுக்கு முன்னாடி போய்ப் படுத்துக்கொள்வாளா? எல்லாரும் ஆகி, அவள் இலை போட்டு உட்கார்ந்தபோது நர்சுகள் சாமானைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது மேடையில் சால்வை போட்டுக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அந்தத் திரைக்குள் போகாத ஒரே பொம்பளை அவள்தான் என்பது இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது.

மெஷின் வரும் வரும் என்று இருந்தோம். பெரிய டாக்டர் ரிட்டயராகி மகனிடம் போய்விட்டார். பெங்களூர் அம்மாவின் இடத்தில் வேறொருத்தர் வந்தார். புதுத் திட்டம், புதுப் படம். எங்கள் பக்கத்து வட்டம் வெளுத்த கலராகி இருந்தது. அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். மெஷின் மேற்கே போயிற்று, ஏற்கனவே மெஷின் இருக்கிற பக்கத்துக்கு. நான் எழுந்து பேசினேன். அன்றைக்கும் கை தட்டினார்கள்.

ரூமில் பழைய கட்டில்களையும் கேம்ப் பேனர்களையும் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வேறு எதற்காவது உபயோகமாகுமா என்று கேட்டார்கள். ஜன்னல் வைக்க முடியாது, இடிக்கவும் முடியாது. நானே நினைத்தாலும் இடிக்க முடியாது, அப்படிப் போட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் என் சம்சாரத்துக்கு உதிரம் படத் தொடங்கியது. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு. கொஞ்ச நாள் அவளே மறைத்தாள். தெரிந்தபோது, அந்தச் சித்தாளுக்கு வந்த அதே இடம். முன்னாடியே பார்த்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எப்போது முன்னாடி என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இனி ஞாயிறு தவிர தினமும் கரண்ட் வைக்கவேண்டும், நடுவில் விடவே கூடாது, விட்டால் வைத்ததும் வீண் என்றார். எனக்கு அது விளங்கிற்று. சுவர் போடுகிறதும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரி கொண்டாப்பூரைத் தாண்டி. எங்கள் மகள் கொண்டாப்பூரில்தான் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இங்கேயே வந்து இரும்மா என்று அழுதாள். பேரன் இங்கிலீஷில் தன் ரூமைத் தருகிறேன் என்றான். இவள் முடியாது என்றாள். மகளுடைய மாமியார் இருக்கிற வீடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரி அங்கே தங்கினதில்லை. "சம்பந்தியம்மா முன்னால அலசுற துணி பக்கெட்டத் தூக்கிட்டு நடக்கச் சொல்றீங்களா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுக்கிறேன் என்றேன். பெண் வீடு இருக்கும்போது இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தால் சம்பந்திகள் முகத்தில் அடித்த மாதிரி ஆகும், அதுவும் வேண்டாம் என்றாள். அவளுக்குத் தெரியாமல் இரண்டு வீடு பார்த்தேன். என்ன நோய் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அதனால் தினமும் ஊரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனோம். தார்னாகா, செகந்திராபாத், பேகம்பேட், அந்தப் பக்கம் பிளைஓவர் மேல் பிளைஓவர். என் டிரைவர் பழைய ஆள், எனக்கு லாரி ஓட்டினவர். பேச்சு ஹைதராபாத் ஹிந்தி, எங்களோடு இருந்து தமிழும் புரியும். முதல் இரண்டு வாரம் பிக்னிக் போகிற மாதிரிதான் இருந்தது. நான் போட்ட கட்டிடங்களை அவளுக்குக் காட்டிக்கொண்டே போவேன். தெரியுங்க, நேத்தும் சொன்னீங்க என்பாள்.

அப்புறம் வயிறு போக ஆரம்பித்தது. அந்த இடத்தில் கரண்ட் வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். போகும்போது வேறு வேதனை. மெஷினில் படுப்பதற்கு முன்னால் நிறையத் தண்ணி குடித்து அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். மெஷின் லேட் ஆனால் எழுந்து போய்விட்டு வந்து மறுபடியும் குடிக்கவேண்டும். திரும்பி வரும்போது எது எப்போது வரும் என்று தெரியாது. காலையில் சாப்பிடுவதை விட்டாள். வழியில் வராமல் இருக்கட்டும் என்று. எடை குறைந்தது, ரத்தம் குறைந்தது, டாக்டர் திட்டினார். சீட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் துண்டு, அதன் மேல் அவள்.

ஒரு நாள் கொண்டாப்பூரிலேயே ஆரம்பித்துவிட்டது. முன்னால் பின்னால் வண்டி. எதிரே என் கட்டிடம், நான் ஸ்லாப் போட்ட கண்ணாடிக் கட்டிடம். எனக்குக் கவலையே இல்லை. அவளை இறக்கிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் யூனிபார்ம் போட்ட பையன்.

"ஐடி கார்டு, சார்."

இந்தக் கட்டிடத்தைப் போட்டவன் நான்தான், அம்மாவுக்கு அவசரம், ஐந்து நிமிஷம் என்றேன். தெலுங்கில் சொன்னேன், ஹிந்தியில் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். மேலே யாரைப் பார்க்கணும், அவங்க பேர் சொல்லுங்க, போன் செய்கிறேன் என்றான். யார் பேர் சொல்வேன்? எந்தத் தூணில் எத்தனை கம்பி என்று சொல்வேன். அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கும்போதே அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேணாம், வாங்க என்றாள். முடிந்துபோயிருந்தது.

டிரைவர் ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, கண்ணாடியில் பின்னால் தெரியாத மாதிரி அதைத் திருப்பிவைத்துக்கொண்டார். வீட்டில் இறங்கினதும் அவரே தண்ணி ஊற்றிக் கழுவினார். நான் பைப்பைப் பிடிக்கப் போனேன். நக்கோ சேட், வேணாம், நீங்க அம்மாவைப் பாருங்க என்றார்.

அந்தச் சித்தாளும் சமையலறையில் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில், நின்றுகொண்டு. தூரம் என்று அவள் சொன்னது இதை. கமிட்டியில் தூரம் என்றால் படத்தில் ஒரு கோடு. நானும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துப் பேசிக் கைதட்டு வாங்கினேன்.

கடைசியாகப் போன நாள், திரும்பி வரும்போது மல்லாபூர் கிட்டே வந்துவிட்டோம், வீட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான். பொறுக்க முடியவில்லை என்றாள். அந்த ரோட்டில் என்ன இருக்கிறது, பாக்டரிச் சுவர்கள்தான். டிரைவரே வண்டியை அந்தக் கட்டிடத்துக்குள் விட்டார். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், திறந்துவிட்டான். தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் விரல் வைத்த இடத்தில் அது இருந்தது, டைல்ஸ் எல்லாம் போட்டது போட்டபடி. குழாயில் தண்ணி இல்லை, கனெக்‌ஷனே கொடுக்கவில்லை. வாட்ச்மேனுடைய டிரம்மிலிருந்து பக்கெட்டில் மொண்டு போய்க் கதவுக்கு வெளியே வைத்தேன்.

வெளியே வந்தவள் வண்டிக்குப் போகாமல் மெஷின் ரூம் பக்கம் திரும்பினாள். வளைவுக்குள் போனோம். வாட்ச்மேன் ஒரு பல்பு போட்டான். ஒரு கட்டிலில் உட்கார்ந்தாள். எதிரே கேம்ப் பேனர் சாய்ந்து கிடந்தது, அதில் என் போட்டோ. சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லுனு இருக்குங்க."

"நான் போட்ட சுவராச்சே" என்றேன்.

"ஒரு கோடுகூட இல்ல." கையை எடுக்காமலே சொன்னாள். "நாளையிலேர்ந்து வேணாங்க."

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

"அவகிட்டயும் நீங்க அதத்தான் சொன்னீங்க."

நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தனும் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசினதில்லை. இன்ஜினியர்களை எல்லாம் வாயடைக்க வைத்தவன் நான். அவள் கையைப் பிடித்து எழுப்பி வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் வந்து அழுது பார்த்தாள், சம்பந்தியம்மாவே நேரில் வந்து கூப்பிட்டார். காலில் விழாத குறை. இவள் அவருக்குக் காபி போடச் சொல்லி, பூ கொடுத்து அனுப்பினாள். டாக்டர் போனில் என்னிடம் விளக்கினார், விட்டது விட்டதுதான், மறுபடி முதலிலிருந்து வைக்க அந்த உடம்பில் இடமில்லை என்றார்.

இப்போது கால் வீங்கியிருக்கிறது. இடுப்பு வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், வலிக்கு மட்டும். நாலு வாய் சாப்பிடுகிறாள். பயமில்லாமல் சாப்பிடுகிறேன் என்கிறாள்.

டிரைவர் இன்னமும் அதே நேரத்துக்கு வந்துவிடுகிறார். சீட்டைத் துடைத்துவிட்டு வாசலில் நின்று, "சேட், ஜானா?" என்கிறார், போகணுமா என்று. நான் உள்ளே திரும்பி அவளைப் பார்ப்பேன். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பாள். நக்கோ என்பேன். அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார்.

போன வாரம் கமிட்டியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மறுபடியும் திட்டம் போடுகிறார்களாம், நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள், அவசியம் வரவேண்டும் என்றாள். வரவில்லை என்றேன். அடுத்து கரண்ட் வைத்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது, அவளுக்கு மெஷினில் ஒதுக்கின நேரம் காலியாகத்தானே இருக்கும், மனசு மாறினால் ஆகுமே என்று ஏதோ ஒரு நினைப்பு. அந்த நேரம் அன்றைக்கே வேறொருத்தருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டேன். அதைச் சொல்லக்கூடாது, ஆனால் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார்கள் என்றார்கள்.